யாருக்குத் தெரியப் போகிறது?

திருத்தணியில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். மலைக்குப் போனால் அவர் வீட்டில்தான் காபி. முன்னூற்று அறுபத்தைந்து படியும் ஏறி இறங்கி வந்தவனுக்கு அந்தக் காபி இன்னொரு பிரசாதம். போன முறை காபி வரவில்லை. ‘வாங்க, ஒண்ணு காட்டறேன்’ என்று நேராகப் பின்பக்கத்து ஷெட்டுக்குக் கூட்டிப் போனார்.

தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஜீப். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ரகம். யுத்தம் முடிந்ததும் இந்த ஜீப்புகள் மிலிட்டரி டிஸ்போசலில் ஏலத்துக்கு வந்தன. அப்படி ஒன்றை நண்பரின் நைனா 1950-ல் வாங்கினாராம். (இந்த எல்லைப் பக்கத்தில் தமிழ் பேசுகிற வீட்டிலும் பல பேருக்கு அப்பா என்றால் நைனாதான்.) பள்ளிப்பட்டு, அம்மையார்குப்பம் என்று தறி வீடுகளுக்கு நூல் ஏற்றிப் போன வண்டி. நண்பரைப் பிரசவத்துக்குச் சுமந்து போனதும் இதுதான் என்று அவர் அம்மா சொல்லுவார்.

நண்பருக்கு மகள் கல்யாணம். கையில் பணம் போதவில்லை. வண்டியை விற்றுவிடலாம் என்று முடிவு செய்து சொல்லிவைக்க, சென்னையிலிருந்து பழைய வண்டிகள் சேர்க்கும் ஒருவர் வந்திருக்கிறார். கையில் ஒரு டார்ச், கம்பி பிரஷ், வெள்ளைத் தாள், பென்சில். அவ்வளவுதான். சீட்டில் உட்காரவில்லை, ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. குனிந்து முன்பக்கம் பார்த்தார். ரேடியேட்டருக்குக் கீழே இருக்கிற குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தது. ‘வில்லிஸ்’ என்றார். தட்டையான பெட்டிச் சட்டமாக இருந்தால் ஃபோர்டாம். ஒரே டிசைனில் இரண்டு கம்பெனிகளும் யுத்த காலத்தில் ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்து தள்ளின. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஃபோர்டுக்காரர்கள் மட்டும் போல்ட்டு தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் பொறித்துவைத்தார்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்கிற நம் ஊர்ப் பாட்டிகளைப் போல!

இடது பக்கச் சட்டத்தில் அறைந்திருந்த தகட்டைத் தேய்த்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசி நம்பரை எடுத்தார். ஆர்.சி. புத்தகத்தில் இருந்த சேசிஸ் நம்பரேதான். நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அடுத்து ஆயில் ஃபில்டர் பக்கத்தில் எஞ்சின் நம்பர். கம்பி பிரஷ் தேய்க்கத் தேய்க்க, ‘எம்.பி.’ என்று ஆரம்பிக்க வேண்டிய இடத்தில் ‘ஜி.பி.டபிள்யூ.’ என்று வந்தது. அது ஃபோர்டு எஞ்சின். புத்தகத்தில் இருப்பதோ வேறு நம்பர்.

‘மேட்சிங் நம்பர் இல்லையே சார்’ என்று அவர் சொன்ன விலை, போனில் சொன்னதில் பாதி.

அவர் போனதும் கூட வந்திருந்த புரோக்கர் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். கிரைண்டர் வேலை அரை மணி, நம்பர் பஞ்ச் பண்ண அரை மணி, மேலே கொஞ்சம் கருப்பு ஆயில். புத்தகத்தில் இருக்கிற நம்பரே எஞ்சினிலும் வந்துவிடும். வேறு ஆளிடம் முழு விலைக்குத் தள்ளிவிடலாம். 2021-ல் மத்திய அரசு பழைய வண்டிகளுக்கென்று விதி கொண்டுவந்ததே, அதையும் புரோக்கர் மனப்பாடமாகச் சொன்னாராம். ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அப்படியானால் இருபதாயிரம் ரூபாய் கட்டி, ‘வி.ஏ.’ எழுத்துப் போட்ட தனி நம்பர் பிளேட் வாங்கலாம். ‘நம்பர் சேர்ந்துட்டா ராஜா வண்டி சார் இது!’

‘என்ன செய்யலாம் சொல்லுங்க’ என்றார் நண்பர்.

நான் யோசிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ‘கல்யாணச் செலவு இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?’ என்றேன். அடுத்தவர் வண்டி, அடுத்தவர் பணம், அடுத்தவர் பொய். யோசனை சொல்வது எவ்வளவு சுலபம்!

ஷெட் வாசலில் ஒரு பெரியவர் பீடியை அணைத்துவிட்டு உள்ளே வந்தார். பதினாலு வயதில் இதே வண்டிக்கு ஸ்பானர் எடுத்துக்கொடுத்த பையன். இன்றைக்கு எழுபதைத் தாண்டிய மேஸ்திரி. எஞ்சின் எப்போது மாறியது என்று கேட்கத்தான் நண்பர் வரச்சொல்லியிருந்தார்.

‘அறுபத்தெட்டுல நகரி ரோட்டுல பிளாக் வெடிச்சிடுச்சு சார். நைனா புதுப்பேட்டைக்குப் போயி ஒரு ஃபோர்டு எஞ்சின் வாங்கியாந்தாரு. நானும் எங்க மேஸ்திரியும் ராவோட ராவா ஏத்தினோம். ஆபீசுல போயி சொல்லணும் சொல்லணும்னே இருந்தாரு. அந்தக் காலத்து ஃபைலு சித்தூர்ல இருக்குதா, இந்தப் பக்கம் வந்துச்சான்னே யாருக்கும் தெரியல. அப்படியே வுட்டுட்டாரு.’

எஞ்சினை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது சட்டம். நைனா செய்தது தப்புதான். ஆனால் ஃபைல் விஷயத்தில் அவரை ரொம்பக் குறை சொல்ல முடியாது. அந்த ஜீப் 1950-ல் சென்னை ராஜ்யத்துச் சித்தூர் ஜில்லா வண்டி. 1953-ல் ஆந்திர ராஜ்யத்து வண்டி. 1956-ல் ஆந்திரப் பிரதேசத்து வண்டி. ம.பொ.சி. முதலானவர்களின் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்புப்படி 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. செங்கல்பட்டு ஜில்லா ஆனது. 1969-ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு. 1997-லிருந்து திருவள்ளூர் மாவட்டம். ஷெட்டை விட்டு அசையாமலே ஒரு வண்டி இத்தனை ஊர் போய் வந்திருக்கிறது! ஊர் மட்டும் அதே ஊர். ஏனென்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி போட்டு ஒரு காகிதம் இருக்கிறது. முந்தைய காகிதத்தை யாரும் சுரண்டி அழிக்கவில்லை.

‘நம்பர் அடிக்க முடியுமா மேஸ்திரி?’ என்று கேட்டேன்.

‘அடிக்கலாம் சார். பஞ்ச் செட்டு எங்கிட்டயே கீது. ஆனா இந்த எஞ்சின்ல நைனா இருபது வருசம் ஓட்டினாரே. அதை இல்லைன்னு ஆக்கணுமே.’

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

உதிரிப் பாகம் மாறினால் அது அதே வண்டிதானா என்பது புதுக் கேள்வி இல்லை. மிலிந்தன் என்ற கிரேக்க அரசனிடம் நாகசேனர் என்ற பௌத்தத் துறவி இதைத்தான் கேட்டார். நீ வந்த தேர் எது? அச்சா, சக்கரமா, நுகத்தடியா? எதுவும் இல்லை, எல்லாம் சேர்ந்ததற்கு நாம் வைத்த பெயர்தான் தேர் என்று முடிகிறது அந்த உரையாடல். திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1923-ல் வெளிவந்த ‘இந்தியத் தத்துவம்’ முதல் தொகுதியில் நாகசேனரைப் பற்றி எழுதியிருக்கிறார். துறவிக்கு அந்தப் பதில் போதும். அவர் தேரை விற்கப் போவதில்லை. காசு கொடுத்து வாங்குகிறவன் கதி?

அப்படி ஒருவர் கோர்ட்டுக்கே போனார். 1929, 1930 இரண்டு வருஷமும் பிரான்சில் லெ மான் பந்தயத்தை ஜெயித்த பென்ட்லி கார் ஒன்று. ‘ஓல்ட் நம்பர் ஒன்’ என்று பெயர். அப்புறம் அதற்கு வேறு சட்டம், பெரிய எஞ்சின் எல்லாம் போட்டார்கள். 1932-ல் அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ பந்தயத்திலேயே விபத்தில் இறந்தார். வண்டியை மறுபடி கட்டினார்கள். பிற்காலத்தில் அதை ஒரு கோடி பவுண்டுக்கு விலை பேசிவிட்டு, இது அந்த வண்டியே இல்லை என்று பின்வாங்கினார்கள் வாங்க வந்தவர்கள். 1990-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் வழக்கை விசாரித்தார். 1929-ல் ஓடிய வண்டியின் பாகம் ஏறக்குறைய எதுவும் மிச்சமில்லை என்பதை அவரே ஏற்றுக்கொண்டார். ஆனாலும் அதுதான் ஓல்ட் நம்பர் ஒன் என்று தீர்ப்பளித்தார். எப்போது எது மாறியது என்ற வரலாறு நடுவில் அறுபடவில்லை, அதனால்.

எனக்கு அந்த நீதிபதியைப் பிடித்துவிட்டது. எஞ்சின் மாறியதால் நைனாவின் ஜீப் வேறு வண்டி ஆகிவிடவில்லை. நம்பரைச் சுரண்டியிருந்தால்தான் ஆகியிருக்கும். 1968-ல் நகரி ரோட்டில் எதுவுமே நடக்காத ஏதோ ஒரு வண்டி. அந்த வண்டியில் நைனா போனதே இல்லை.

அப்புறம், ‘யாருக்குத் தெரியப் போகிறது’ என்று சொன்னேன் பாருங்கள், அதுவும் தப்பு. இரும்பில் ஓர் எண்ணை ஓங்கி அடிக்கும்போது, பள்ளம் விழுவது மேலே மட்டும் இல்லை. அதற்குக் கீழேயும் இரும்பின் உள்கட்டு நசுங்கிப்போகிறது. மேலே வழவழவென்று ராவிவிட்டாலும் அந்த நசுங்கல் கொஞ்ச ஆழத்துக்கு இருக்கும். தடய அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அந்த இடத்தைப் பாலிஷ் போட்டு, ஹைட்ரோகுளோரிக் அமிலமும் தாமிரக் குளோரைடும் கலந்த திரவத்தைத் தடவுகிறார்கள். நசுங்கிய இரும்பு ஒரு மாதிரியும் நசுங்காத இரும்பு வேறு மாதிரியும் அரிபடும். பழைய நம்பர் நிழல் மாதிரி எழுந்து வரும். ரொம்ப ஆழமாக ராவியிருந்தால் வராதுதான். ஆனால் அவ்வளவு ராவினால் ராவியதே காட்டிக்கொடுத்துவிடும். திருட்டு வண்டிகள் பல இப்படித்தான் மாட்டுகின்றன.

ஆனால் இது தெரிந்ததால் நான் திருந்தினேன் என்று சொன்னால் அதுவும் பஞ்ச் அடித்த நம்பர்தான். மாட்டிக்கொள்ளாத பொய் என்றால் பரவாயில்லையா என்று என்னையே கேட்டுக்கொண்டால், நேர்மையான பதில் வர நேரமாகிறது. கல்யாணச் செலவு நிஜம். நண்பர் ராத்திரி தூங்காமல் கிடப்பது நிஜம். அதற்கு எதிரில் இரும்பில் நாலைந்து எண்கள் என்ன பெரிது என்றுதான் முதலில் தோன்றுகிறது. அந்த எண்ணை நம்பி ஒருவன் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு வருவான் என்பது அப்புறம்தான் தோன்றுகிறது. அவனுக்கும் மகள் இருக்கலாம்.

போன மாதம் நண்பர் போன் செய்தார். அதே சென்னைக்காரருக்கே கொடுத்துவிட்டாராம். பேசிய பாதி விலைக்கு மேலே கொஞ்சம் போட்டுக் கொடுத்திருக்கிறார். மீதிக்குச் சீட்டை ஏலம் எடுத்தாகிவிட்டது. விற்பனைக் காகிதத்தில், ‘எஞ்சின் 1968-ல் மாற்றப்பட்டது, பதிவுப் புத்தகத்தில் ஏற்றவில்லை’ என்று எழுதி நண்பர் கையெழுத்துப் போட, சாட்சிக் கையெழுத்து மேஸ்திரி. எஞ்சின் வாங்கிய கதையை முழுசாகச் சொல்லச்சொல்லி சென்னைக்காரர் செல்போனில் பதிவு பண்ணிக்கொண்டாராம். மேஸ்திரி ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.

‘வண்டியை லாரியில ஏத்தறப்ப அம்மா வாசலுக்கே வரலீங்க’ என்றார் நண்பர். அப்புறம் கல்யாணத் தேதியைச் சொன்னார்.