அம்பின் முனை

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆவுக்குக் கூடியிருந்தவர்கள் மீது, அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வூட் இஸ்லாமிய நிலையத்திலும் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். 51 பேர் ஷஹீதானார்கள். செய்தியைக் கேட்டபோது எனக்குள் முதலில் எழுந்தது துஆ அல்ல, ஓர் ஆசை. அந்தப் பள்ளிவாசலின் வாசலில் ஒரு துப்பாக்கியாவது இருந்திருக்கக் கூடாதா? 1990 ஓகஸ்ட் 3இல், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டபோதும் இதே ஆசைதான் எழுந்தது.

ஆகவே, துப்பாக்கிச் சட்டத்தை இறுக்க வேண்டாம் என்போரின் வாதம் எனக்கு அந்நியமானதல்ல. கெட்டவன் சட்டத்துக்குப் பணியமாட்டான், சட்டம் நல்லவனின் கையைத்தான் வெறுமையாக்கும் என்கிறார்கள் அவர்கள்.

ஆனால், கிறைஸ்ட்சேர்ச் கொலையாளி 2017இல் முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்றவன். துப்பாக்கிகளைச் சட்டப்படியே விலைக்கு வாங்கினான். அவற்றில் பொருத்திய பெரிய ரவைக்கூடுகளை வாங்க அனுமதிப்பத்திரமே தேவைப்படவில்லை. அவனுக்கு அனுமதி வழங்கியபோது பொலிஸார் உரியவாறு விசாரிக்கவில்லை என்பதை அரச விசாரணை ஆணைக்குழு 2020இல் கண்டறிந்தது. அவன் பூட்டை உடைத்து வரவில்லை. சட்டம் திறந்து வைத்திருந்த வழியால் வந்தான்.

26 நாட்களுக்குள் அந்நாட்டுப் பாராளுமன்றம் அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றைத் தடைசெய்தது. ஆதரவாக 119 வாக்குகள், எதிராக ஒன்று. அரசு பணம் கொடுத்து 50,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றை ஒப்படைத்தவர்களில் அநேகர் எவரையும் கொல்ல நினைத்தவர்களல்லர். எவனோ ஒருவன் செய்த குற்றத்துக்காக அவர்கள் ஏன் இழக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, அபூ மூஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று நினைவுக்கு வந்தது. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அம்புக்காரர் நல்லவரா கெட்டவரா என்ற விசாரணை அங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே கட்டளை. முனையைப் பிடிக்கச் சொல்வது அவரைச் சந்தேகிப்பதாகாது. பக்கத்தில் நிற்பவரின் உடம்புக்குச் செய்யும் மரியாதை அது. அதற்காக நல்லவரின் கையும் சற்றுச் சிரமப்படத்தான் வேண்டும்.

எனது ஆசைக்கும் ஒரு பதில் இருக்கிறது. 1990இல் கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவற் படையினரிடம் அரசு துப்பாக்கிகளைக் கொடுத்தது. அவை எங்களைச் சில இரவுகள் தூங்க வைத்தன. அவற்றுள் சில அயலிலுள்ள தமிழ்க் கிராமங்களில் என்ன செய்தன என்பதையும் நாம் அறிவோம், ஆனால் பேசுவதில்லை. காவலுக்கென்று கொடுத்த ஆயுதம் கொடுத்தவரின் நிய்யத்தோடு நின்றுவிடுவதில்லை.

லின்வூடில் அப்துல் அஸீஸ் என்பவர் கொலையாளியைத் துரத்திச் சென்றார். அவன் போட்டுவிட்டுப் போன துப்பாக்கியை எடுத்தார். அதில் ரவை இல்லை. அதையே அவனது காரின் கண்ணாடி மீது வீசி உடைத்தார்.

அதில் ரவை இருந்திருந்தால் என்று என் மனம் இன்றும் கேட்கிறது. அந்தத் துப்பாக்கி அவன் கைக்கே போகாதிருந்திருந்தால் என்று கேட்க இப்போதுதான் பழகிவருகிறேன்.