பாடுவோர் பக்தியும் பாட்டின் ரசமும்

கர்நாடக இசையின் உருப்படிகளில் மிகப் பெரும்பாலானவை இறைவனை நோக்கியவை என்பதால், அவற்றைப் பாடுகிறவர் அந்தப் பக்தியைத் தாமே உணர்ந்தாக வேண்டுமா, அல்லது கேட்போரிடம் அதை எழுப்பும் திறம் மட்டும் போதுமா என்னும் கேள்வி, இசை விமரிசனத்தின் எல்லையைத் தாண்டிச் சமயத் தத்துவத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

இதற்குத் தயக்கமற்ற விடை தந்தவர் காஷ்மீரத்துச் சைவ அறிஞரான அபிநவகுப்தர். பரதரின் நாட்டிய சாஸ்திரத்துக்கு எழுதிய ‘அபிநவபாரதி’ என்னும் உரையில், ரசம், அதாவது கலையின் வழியே சுவைக்கப்படும் உணர்வு, நடிப்பவரிடம் இல்லை என்றும், பக்குவப்பட்ட சுவைஞராகிய சகிருதயரிடமே அது நிகழ்கிறது என்றும் அவர் வாதிடுகிறார். மதுக் கிண்ணம் மதுவைச் சுவைப்பதில்லை என்பது அவர் காட்டும் உவமை. ஒருவரின் சொந்தத் துயரம் அவரோடு நின்றுவிட, ரசமாக மாறிய துயரமோ இன்னாருடையது என்னும் எல்லையை இழந்து எல்லோருக்கும் பொதுவாகிறது. இதையே சாதாரணீகரணம் என்பர். இக்கொள்கையின்படி மேடையில் கண்ணீர் விடுவது பாடகரின் தகுதிக்குச் சான்றாகாது (தொண்டை கம்மினால் சுருதி விலகும் என்பது தனிக் கவலை).

கச்சேரியில் இக்கொள்கைக்கு உரைகல் நிரவல். கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்து, அதன் சொற்கள் தாளத்தில் விழும் இடங்களைக் கூடியவரை மாற்றாமல், ராகத்தின் வெவ்வேறு சஞ்சாரங்களில் மீண்டும் மீண்டும் பாடுவதே நிரவல் எனப்படும். ஒரே வேண்டுகோள் மந்திர ஸ்தாயியில் தயக்கமாகவும் தார ஸ்தாயியில் முறையீடாகவும் ஒலிக்கக்கூடும் என்பதால், பாடகர் இங்கே சொல்லை மாற்றாமலே உரையாசிரியர் ஆகிறார். எனவேதான் பொருள் முற்றுப்பெறாத வரியும், சொல் பிளந்து பொருள் திரியும் பதச்சேதமும் நிரவலுக்கு ஆகா. கற்பனை ஸ்வரத்துக்குப் போகும் அவசரத்தில் நிரவலை இரண்டு ஆவர்த்தனங்களில் முடிப்பதும் வரிக்குச் செய்யும் அநீதியே.

சொல் விளங்காத இடத்தில் என்ன நிகழ்கிறது? வாசகம் என எதுவும் இல்லாத இசையொலியும் ரசத்தை உணர்த்தும் என்று 9ஆம் நூற்றாண்டிலேயே ஆனந்தவர்த்தனர் ‘தொன்யாலோக’த்தில் சுட்டினார், ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் தோடி கேட்டோருக்கு இதை நிறுவத் தேவையிருந்திருக்காது. ஆயினும் இசையொலி ஏக்கத்தைத் தருமே ஒழிய, யாரை எண்ணி, எதன் பொருட்டு அந்த ஏக்கம் என்பதைத் தராது. தியாகராஜரின் (1767–1847) தெலுங்குப் பாடல்களில் ராமனோடு நடக்கும் ஊடலும் வழக்காடலும், மொழியறியாத அவையில் பொதுவான உருக்கமாகக் கரைந்துவிடுவது உண்மையான இழப்பு; கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கேட்ட 1940களின் தமிழிசை இயக்கத்தின் நியாயம் இதில்தான் இருக்கிறது.

ஆனால் ரசக் கொள்கை முழுவதும் அவையோர் என ஒருவர் இருப்பதை முன்னிட்டே நிற்கிறது. சிவன் கோயில் பூசையில் தேவாரம் பாடும் ஓதுவார் சன்னிதியை நோக்கிப் பாடுகிறார். தாளமின்றிச் சுத்தாங்கமாகச் சொற்களை நிறுத்திப் பாடும்போது, அருகில் நிற்கும் அடியார்க்கும் அது விளங்கும் என்றாலும், பாடல் அவர்களுக்காகத் தொடங்கப்பட்டதன்று. பாடுவதே வழிபாடாகிய அவ்விடத்தில் பாடுவோர் வெறும் கிண்ணமாக இருக்க முடியாது. ஆகவே அபிநவகுப்தரின் விடை சபா மேடைக்குப் பொருந்தும், சன்னிதிக்குப் பொருந்தாது.