பிறர் துயரும் வினைக்கொள்கையும்

ஐந்து சபைகளுள் இரத்தினசபை என வழங்கப்பெறுவதும், அம்பலவாணர் ஊர்த்துவ தாண்டவம் புரிந்தருளுவதுமாகிய திருவாலங்காட்டின் பெருமையைச் சைவ நன்மக்கள் நன்கறிவர். காரைக்காலம்மையார் தலையால் நடந்த மண் இஃது ஆகலின், இதனைக் காலால் மிதித்தற்கு அஞ்சித் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அயலதாகிய பழையனூரில் தங்கினார் என்று பெரியோர் உரைப்பர். யாமோ இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து, அம்மண்ணை நாடோறும் மிதித்து நடந்தும், நாம் பெற்றது ஒரு பேறு என்று நெடுங்காலம் எண்ணினேம் அல்லேம். அதனை எமக்கு உணர்த்தியவர் கடல் கடந்த நாட்டுச் சிறுவர் சிலரே. அவர்பாற் கற்றதனை ஈண்டு அன்பர்முன் வைக்கத் துணிந்தனம்.

இலங்கையில் நிகழ்ந்த நெடும்போர் 2009-ஆம் ஆண்டு மே திங்களில் முடிவுற்றது. வன்னி நிலத்தினின்றும் வெளியேறிய இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட தமிழ்மக்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தை அடுத்த முகாம்களில் வைக்கப்பட்டனர். அவற்றுள் இறுதியானது 2012-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே மூடப்பெற்றது. தாய் தந்தையரை இழந்த சிறுவர் பலர் அம்மாவட்டத்து இல்லங்களில் வளர்ந்தனர். அத்தகைய இல்லம் ஒன்றில் தேவாரமும் தமிழும் கற்பிக்க ஒருவர் வேண்டும் என அன்பர் ஒருவர் எழுதியதற்கு இசைந்து, 2011-ஆம் ஆண்டில் மூன்று திங்கள் ஆண்டுத் தங்கினேம். ஊதியம் பெறாத தொண்டு என்னும் நினைவு எம் உள்ளத்தில் ஒரு பெருமிதமாகவே இருந்தது என்பதை மறைத்தல் தகாது.

மாலைதோறும் பாடம் நடக்கும். ஒருநாள் முப்பொருளியல்பு கூறுங்கால், உயிர்கள் துய்க்கும் இன்பதுன்பங்கள் எல்லாம் முன்செய்த இருவினைப் பயனே என்று விரித்துரைத்தேம். முன் வரிசையில் இருந்த ஒன்பது அகவைச் சிறுமி ஒருத்தி எழுந்து, "ஐயா, அம்மாவும் அப்பாவும் செல் விழுந்து செத்தது நான் செய்த வினையாலோ?" என்று வினவினாள். யாம் மடங்களிலும் சபைகளிலும் எத்துணையோ தடைவிடைகளைக் கேட்டவரேம். அப்பழக்கத்தால் சிறிதும் ஓராது, "ஆம் அம்மா, அவரவர் வினைப்படியே அவரவர்க்கு நிகழும்" என்று விடை கூறிவிட்டேம். குழந்தை அமர்ந்துவிட்டது. மறுநாள் அது பாட வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. இல்லத்திற் சமையல் செய்யும் அம்மையார் எம்மை அழைத்து, "ஐயா, பிள்ளை இரவிலே நித்திரை கொள்ளுதில்லை. தன்னாலேதான் தாய் தகப்பன் போனதெண்டு சொல்லி அழுகுது" என்றார். நாற்பதாண்டு கற்ற சித்தாந்தம் எம் நாவில் நஞ்சாய் முடிந்தது எங்ஙனம் என்று அன்றிரவு யாமும் துயின்றிலேம்.

விடை நூலிலேயே இருந்தது. வினை சடம், தானே சென்று செய்தவனைப் பற்றும் அறிவு அதற்கில்லை. உயிரோ சிற்றறிவுடையது, தன் வினையைத் தானே தெரிந்து எடுத்து நுகரவும் வல்லதன்று. ஆகலின் எவ்வினையின் பயனை எவ்வுயிர்க்கு எக்காலத்துக் கூட்டுவது என்பதை முற்றுணர்வுடைய முதல்வன் ஒருவனே அறிந்து கூட்டுவன். வினைக்கொள்கையைக் கொண்டே இறைவன் உண்மையை நிறுவுதல் நம் ஆசிரியர் மரபு. அங்ஙனமாயின், இக்குழந்தையின் இத்துயர்க்கு இது காரணம் என்று கூறும் உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது? இறைவன் அறிவிற்கே உரியதனை நம் அறிவிற்கு உரியதாக்கிக் கோடல் ஆணவத்தின் செயலேயன்றி வேறன்று.

இன்னும் ஒன்று. பிறர் படும் துன்பம் பிராரத்தமாயின், அதனைக் கண்ட நாம் செய்யும் செயல் நமக்கு ஆகாமியம் ஆகின்றது. அவர் வினை அவர்க்கு என்று முகந்திருப்பிச் செல்வோன் வினைக்கொள்கையைப் போற்றியவன் அல்லன். தனக்கொரு புதுவினை ஈட்டியவனே ஆவன். அன்றியும், அவர் துயர் அவர் தீவினை என்று சொல்லுங்கால், நம் நல்வாழ்வு நம் நல்வினை என்பதையும் சொல்லாமற் சொல்லிக்கொள்கின்றோம். அச்சொல் நமக்கு இனிப்பது அதனாலேதான். குண்டு விழாத ஊரிற் பிறந்ததும், மூன்று வேளை உண்டதும், கல்வி வாய்த்ததும் நம் தகுதியின் பயன் என்று களிப்பதற்குச் சித்தாந்தம் இடங்கொடாது. நல்வினையும் தளையே, இரும்புத்தளைக்குப் பொற்றளை நிகராதல்போல.

இதற்குச் சான்று தேடி யாம் அலைய வேண்டுவதில்லை. எம் ஊருக்கு அணித்தாகிய பழையனூரிலேயே அஃது உளது. நீலி என்னும் பேய் பெண்ணுருக்கொண்டு ஒரு வணிகனைக் கணவன் என்று தொடர, அவன் அஞ்சி மறுக்க, அவ்வூர் வேளாளர் எழுபதின்மர் அவள் சொல்லை நம்பி, இவனுக்குத் தீங்கு நேரின் எங்கள் உயிரே பிணை என்று உறுதி கூறி இருவரையும் ஓரிடத்திற் சேர்த்தனர். இரவில் அவள் அவனைக் கொன்றாள். எழுபதின்மரும் சொற்பிழையாது தீப்பாய்ந்தனர். இக்கதை கேளாதார் நம் பக்கத்தில் இலர். ஆயின் இதன்கண் ஒரு நுட்பம் உண்டு. அவ்வணிகன் முற்பிறப்பில் நீலியைக் கொன்றவன் என்பது கதை. எனவே அவன் இறந்தது முன்வினைப் பயனே என்பதில் ஐயமில்லை. விதியின் வழி நடந்தது, நாங்கள் என் செய்வோம் என்று அவர்கள் கூறியிருப்பின், நூல்நெறி பற்றி மறுப்பார் யாவர்? அவ்வாறு அவர் கூறிற்றிலர். அவன் வினையை அவனோடு விட்டு, தம் சொல்லைத் தம்மேல் ஏற்றுக்கொண்டனர். இன்று தீப்பாய்தல் யார்க்கும் கடன் அன்று. பிறர் துயரில் நம் பொறுப்பு யாது என்று முதற்கண் வினவுதலே அவர் வைத்துச் சென்ற நெறி.

காரைக்காலம்மையார் செய்ததும் அதுவே. பசித்து வந்த அடியார்க்குக் கறியமுது ஆகாமுன்னர்க் கணவன் அனுப்பிய மாங்கனியை இட்டு அமுது செய்வித்தார். இவர் பசிக்கு எவ்வினை காரணம் என்று அம்மையார் ஆராய்ந்திலர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரினும் சித்தாந்தத்தில் உறுதியுடையார் அரியர். அவரே 1876, 1877-ஆம் ஆண்டுகளில் பஞ்சம் வந்துற்றபோது வீடுவீடாகப் பொருள் தண்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார்.

அற்றேல் வினைக்கொள்கை பயனற்றதோ எனின், அன்று. அது தன்னை நோக்கிச் சொல்லிக்கொள்ளுதற்குரிய மருந்து. தனக்குத் துன்பம் வந்துழிப் பிறரை வெகுளாதிருத்தற்கும், இன்பம் வந்துழிச் செருக்காதிருத்தற்கும் அது துணை. அதனைப் பிறர் புண்ணின்மேல் தடவுதல், ஒருவன் நோய்க்குரிய மருந்தை மற்றொருவன் கண்ணில் ஊற்றுதலை ஒக்கும்.

மூன்றாம் நாள் அக்குழந்தையைத் தேடிச் சென்றேம். இல்லத்துக் கிணற்றடியில் தனித்திருந்தது. "அம்மா, எமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோற் சொல்லிவிட்டேம். ஏன் நடந்தது என்பது சுவாமிக்கே தெரியும். உன்மேற் பிழை உண்டு என்று சொல்லும் அறிவு எமக்கில்லை. பிழை எம்முடையது" என்றேம். அது நெடுநேரம் எம்மைப் பார்த்து, "உங்களுக்கும் தெரியாதோ ஐயா?" என்றது. தெரியாது என்றேம். அன்று மாலை அது வந்து அமர்ந்தது; பாடவில்லை. சில நாள் கழித்துப் பாடிற்று. கொடுக்கச் சென்றவரேம் என்னும் எம் பெருமிதம் அக்கிணற்றடியிற் கழிந்தது. யான் கொடுத்தேன் என்னும் முனைப்பைப் பல நூல் பயின்றும் விடாத எமக்கு, தெரியாது என்னும் ஒரு சொல்லை அவ்விளங்குழவி கற்பித்தது.

அன்பர்காள், இத்தொண்டிற்குக் கடல் கடக்க வேண்டுவதும் இல்லை. எம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் உண்டு. 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசு இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. அங்குப் பிறந்து வளரும் சிறுவரும் திருமுறைக்கு உரியவரே. திருமடங்களும் சபைகளும் ஓதுவார்களை அங்கு அனுப்பலாம். ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கின்றேம்: செல்வோர் முதலிற் பண்ணையும் அன்பையும் கொடுக்க, வினையிலக்கணத்தை அவர் தாமே கேட்கும் பருவம் வருங்காறும் தமக்கே சொல்லிக்கொள்க. அம்மையார் தலையால் நடந்த மண்ணில் பிறந்தது நம் தகுதியன்று, அருள் என்று உணர்ந்தார்க்கு, அவ்வருள் பிறர்க்கும் உரியது என்பது தானே விளங்கும்.

திருச்சிற்றம்பலம்.