கயிறும் குரலும்

சிங்கப்பூரின் பீஷான் – அங் மோ கியோ பூங்காவில் வேலியிட்ட நாய்த்திடல் ஒன்று உண்டு. மாலையில் அதன் அருகே நிற்போர் ஒரு காட்சியைக் காணக்கூடும். உள்ளே கயிறு நீக்கப்பட்ட நாய்கள் ஓடித் திரிகின்றன. இருள் கவியத் தொடங்கியதும் வளர்ப்பவர்கள் தத்தம் நாயைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். பெயர் காதில் விழுந்த அளவிலே சில நாய்கள் ஓடிவந்து காலடியில் நிற்கின்றன. வேறு சில தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மீண்டும் புல்லை முகர்கின்றன. அழைப்பவர் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அழைக்கிறார், குரல் தடிக்கிறது, பின்னர்த் துரத்துகிறார். நாயோ அதனை விளையாட்டெனக் கொண்டு இன்னும் விரைகிறது. ஒருவழியாக அது களைத்து அருகில் வரும்போது அதன் முதுகில் ஓர் அடி விழுகிறது.

அந்த அடி எதற்காக? அடித்தவரைக் கேட்டால், வராமல் இருந்ததற்காக என்பார். நாயின் நிலையில் நின்று பார்த்தால் விடை வேறு. அது வராமல் இருந்த நேரமெல்லாம் புல்லும் மணமும் ஓட்டமுமாக இன்பமாகவே கழிந்தது. வந்த நொடியில்தான் துன்பம் நேர்ந்தது. ஒரு செயலை அடுத்து உடனே விளைவது எதுவோ, அதுவே அச்செயல் மீண்டும் நிகழ்வதையும் நிகழாமையையும் முடிவு செய்யும் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் தார்ண்டைக் பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்து 1898ஆம் ஆண்டிலேயே காட்டினார். பத்து நிமிடத்திற்கு முந்திய குற்றத்திற்கும் இப்போது விழும் அடிக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் ஆற்றல் நாய்க்கு இல்லை. ஆகவே தண்டிக்கப்பட்டது வருகையே. மறுநாள் அது இன்னும் தாமதித்து வருமாயின் அதனைப் பிடிவாதம் என்பது பொருந்தாது. கற்றுக்கொடுத்த பாடத்தை அது ஒழுங்காகக் கற்றிருக்கிறது.

அழைத்தால் வரும் பழக்கத்தை நாய்க்கு ஊட்டும் முறை பெரிய மறைபொருள் அன்று. முதலில் வீட்டுக்குள், கவனத்தைச் சிதைக்கும் பொருள் ஏதுமில்லாத இடத்தில், ஒரே சொல்லால் அழைத்து, வந்தவுடன் ஒரு துண்டு இறைச்சி கொடுக்கிறார்கள். பின்னர் அடுக்குமாடி வீட்டின் நடைவழி, அதன்பின் திறந்தவெளி. அங்கே பத்து மீட்டர் அளவுள்ள நீண்ட கயிறு ஒன்று நாயின் மார்புப்பட்டையிலிருந்து தரையில் புரண்டு வரும். அக்கயிறு இழுப்பதற்கு அன்று. தவறினால் ஓடிப்போகாமல் காப்பதற்கே. நாய் வரத் தயங்கினால் துரத்துவதில்லை; அழைப்பவர் எதிர்த்திசையில் ஓடுகிறார், அல்லது தரையில் குந்துகிறார். வந்தபின் கழுத்துப்பட்டையைத் தொட்டு, உணவு தந்து, மறுபடியும் போகவிடுகிறார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வீடு திரும்பும் நேரத்தில் மட்டுமே அழைக்கப்படும் நாய், அழைப்பு என்றால் மகிழ்ச்சியின் முடிவு என்று சில நாள்களிலேயே உணர்ந்துகொள்கிறது. பத்துமுறை அழைத்து ஒன்பதுமுறை திருப்பி அனுப்பினால், பத்தாம் முறை கயிறு பூட்டுவது அதற்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை.

சிலர் குரலை விடுத்துச் சிறிய ஊதலைப் பயன்படுத்துகிறார்கள். தொலைவுக்குக் கேட்கும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் எண்ணிப் பார்க்கத்தக்கது. ஊதலுக்குச் சினம் இல்லை. அலுவலகத்தில் பட்ட அவமதிப்பும் மழை வரும் என்ற பதற்றமும் மனிதக் குரலில் ஏறிவிடுகின்றன. ஊதலில் அத்துணை எளிதில் ஏறுவதில்லை. அழைப்புச் சொல்லைச் சினத்தோடு பலகாலும் கூவிக் கெடுத்துவிட்டவர்க்குப் பயிற்சியாளர்கள் கூறும் அறிவுரை, அச்சொல்லைக் கைவிட்டுப் புதிய சொல் ஒன்றைத் தேடிக்கொள்க என்பதாகும். ஒரு சொல் பாழ்படும், அதனை மீட்பதினும் வேறு சொல் தேடுவது எளிது என்பது மொழியாசிரியர்க்குப் புதுமையான செய்தியாக இராது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். இறைச்சிக்காக வரும் வருகை அன்பாகுமா? அது விலைக்கு வாங்கிய பணிவு அல்லவா? நாலடியார் நட்புக்கு நாயை உவமை காட்டும்போது, எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கவும் எறிந்தவனைக் கண்டு வாலைக் குழைக்கும் உயிர் என்றே காட்டுகிறது. தருமனின் இறுதிப் பயணத்தில் உடன்சென்ற நாயை யாரும் அழைக்கவுமில்லை, அதற்கு யாரும் உணவு காட்டவுமில்லை. இவ்வளவு உயர்ந்த இடத்தில் வைத்துப் பாடப்பட்ட உயிரை, ஒரு துண்டுக் கோழிக்கறியால் திரும்ப வரவழைப்பது அதனைச் சிறுமைப்படுத்துவதாகாதா?

இவ்வெதிர்ப்பு, அன்பையும் வருகையையும் ஒன்றெனக் கொள்வதால் பிறக்கிறது. வீட்டில் வளர்ப்பவரை விட்டு நொடியும் பிரியாத நாய், திடலில் ஓர் உடும்பின் தடத்தை முகர்ந்துவிட்டால் அவர் குரலைக் கேளாததுபோல் போகும். அன்பு அந்த நொடியில் குறைந்துவிடவில்லை, மூக்கு முந்திக்கொண்டது. “அன்பிருந்தால் வரட்டும்” என்று சொல்லிப் பயிற்றாமல் விடுபவர் உண்மையில் தம் பொறுப்பை நாயின் தலையில் ஏற்றுகிறார். வேல் தைத்த நாய் வாலைக் குழைப்பது நாயின் பெருமை. அதனைக் காட்டி வேல் எறிந்தவன் ஆறுதல் அடைய இடமில்லை. தருமன் கதையிலும் சோதிக்கப்பட்டது நாயின் பற்று அன்று. அதனைக் கைவிட்டுவிட்டுத் தேரில் ஏறுக என்றபோது மனிதன் என்ன செய்வான் என்பதே ஆங்கே சோதனை.

உணவு கூலியா என்ற வினாவுக்கும் பயிற்சியே ஒருவகை விடை தருகிறது. வருகை ஊன்றியபின் ஒவ்வொரு முறையும் உணவு கொடுப்பதில்லை. எப்போது கிடைக்கும் என்று அறியமுடியாதபடி இடையிட்டே கொடுக்கிறார்கள். அவ்வாறு ஊன்றிய பழக்கம் எளிதில் அழிவதில்லை என்பதை ஸ்கின்னரும் பெர்ஸ்டரும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியது. சூதாட்டக்காரன் எழமுடியாமைக்கும் இதுவே காரணம் என்பதால் இது தூய அறமுறை என்று யாரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் அடிக்கு அஞ்சி வருவதும் ஒரு துண்டை நம்பி வருவதும் ஒன்றல்ல. அஞ்சி வருவது அடிப்பவர் கைக்கு எட்டும் தொலைவுவரைதான் வரும்.

மெய்யியலாளர் காண்ட் தம் விரிவுரைகளில் நாயைப் பற்றிப் பேசியிருக்கிறார். முதுமையுற்ற நாயைப் பயனற்றதெனச் சுட்டுக்கொல்பவன் நாய்க்குக் கடமை தவறியவன் ஆகான், தன்னுள் உள்ள மனிதத்தன்மைக்கே ஊறு செய்தவன் ஆவான் என்பது அவர் கொள்கை. நாய்க்கு நேராக ஆற்றவேண்டிய கடன் எதுவும் மனிதனுக்கு இல்லை என்பது இதன் உட்கிடை. அழைப்பு என்னும் செயலை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தாலும் இக்கொள்கை தள்ளாடுகிறது. “வா, வந்தால் நன்மை உண்டு” என்று நூறுமுறை சொல்லி ஓர் உயிரை நம்பவைத்தபின், நூற்றோராம் முறை வந்ததை அடிப்பவன் யாருக்கு வாக்குத் தவறினான்? நாய் வழக்கு மன்றம் செல்லாது. அதனால் வாக்கு வாக்கில்லாமல் போய்விடுமா? கேட்கும் உரிமை இல்லாத குழந்தைக்குக் கொடுத்த வாக்கும் வாக்காகவே கருதப்படுகிறது.

கடன் நாய்க்கு மட்டும் உரியதுமன்று. சிங்கப்பூரில் பொது இடங்களில் நாயைக் கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டும் என்பது விதி. கயிறு நீக்குவதற்கு வேலியிட்ட திடல்கள் உள்ளன. விதியை வெறும் கெடுபிடி என்று முணுமுணுப்பவர், நாயைக் கண்டு நடுங்கும் சிறுவனையும், நாயின் எச்சில் படுவதைச் சமயநெறியால் தவிர்க்கும் அண்டை வீட்டாரையும், ஆற்றோரத்தில் குட்டிகளோடு திரியும் நீர்நாய்களையும் எண்ணிப் பார்க்கவேண்டும். “என் நாய் ஒன்றும் செய்யாது” என்ற சொல் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் ஆகாது. இங்கிலாந்தின் ஆட்டு மேய்ச்சல் நிலங்களில் இதன் விலை இன்னும் கடுமை: மந்தையைத் துரத்தும் நாயைக் கால்நடை காக்கும்பொருட்டுச் சுட்டவர், சில வரையறைகளுக்கு உட்பட்டு, இழப்பீடு தரவேண்டியதில்லை என 1971ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் இடமளிக்கிறது. அழைத்தும் திரும்பாத ஒரு நொடி அங்கே உயிரைக் கொண்டுபோகிறது.

இவ்வளவும் அறிந்து பயிற்றியவர்க்கும் ஒரு பருவம் சோதனையாகவே வரும். குட்டியாய் இருந்தபோது அழைக்குமுன் ஓடிவந்தது, எட்டாம் மாதத்தில் செவிடுபோல் நிற்கிறது. நியூகாசில், நாட்டிங்காம், எடின்பரோ பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், அவ்வயது நாய்கள் ‘உட்கார்’ என்னும் கட்டளைக்குத் தம்மை வளர்ப்பவரிடமே முன்னினும் குறைவாகப் பணிந்தன. அயலாரிடம் அவ்வாறு இல்லை. உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம், நான்காம் படிவங்களில் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இதனைப் படித்துச் சற்றே புன்னகை புரியலாம். பெற்றோர்க்கு அது அவ்வளவு நகைப்பாக இராது. அப்பருவத்தில் நாயை முரடென்று ஒதுக்கிக் கைவிடுவோர் உளர். அறிந்தோர் நீண்ட கயிற்றைப் பெட்டியிலிருந்து மீண்டும் எடுத்துக் கட்டிக்கொண்டு, முதற்பாடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

திடலில் இப்போது ஒருவர் மட்டுமே எஞ்சியிருக்கிறார். கருமேகம் திரண்டுவிட்டது. பழுப்பு நிறக் கலப்பின நாய் வேலியின் மறுகோடியில் எதையோ தோண்டிக்கொண்டிருக்கிறது. அவர் ஒருமுறை அழைக்கிறார். அசைவில்லை. மறுமுறை அழைக்க வாயெடுத்தவர் நிறுத்தி, நாய்க்கு முதுகைக் காட்டி நான்கு அடி நடந்து, ஈரப்புல்லில் குந்துகிறார். சிறிது நேரம் கழித்துச் சேறு படிந்த முகத்தோடு நாய் வந்து சேர்கிறது. அவர் கழுத்துப்பட்டையைப் பற்றி, பையிலிருந்து அவித்த கோழித் துண்டொன்றை எடுத்துக் கொடுக்கிறார். முதல் துளிகள் விழுகின்றன. கயிற்றைக் கையில் எடுத்தவர், ஒரு கணம் வானத்தைப் பார்த்துவிட்டு, நாயைத் தட்டி இன்னொருமுறை ஓடவிடுகிறார்.