கடைசியாக வருகிறவனின் கோடு

பனிச்சறுக்குப் பந்தயம் பற்றி பிரம்மதேசத்துக்காரன் எழுதுவது விபரீதம்தான். ஏரி நிரம்பினாலே அதிசயிக்கிற ஊர். ஆனால் 1998 நாகனோ ஒலிம்பிக்ஸ் என்னை விடுவதாயில்லை. 10 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்த நார்வேயின் பியோர்ன் டேலி, கடைசியாக வந்த கென்யாவின் பிலிப் பாய்ட்டுக்காகக் காத்திருந்து கட்டிக்கொண்டார். பாய்ட் 20 நிமிஷம் அதிகம் எடுத்துக்கொண்டிருந்தார். பனியையே 1996இல்தான் முதலில் பார்த்தவர். பிற்பாடு தன் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார்.

எல்லோரும் அந்த அணைப்பைப் புகழ்கிறார்கள். ஜெயித்தவன் காத்திருப்பது பெருந்தன்மை. அது அவன் இஷ்டம். காத்திருக்காவிட்டால் யார் கேட்க முடியும்? கடிகாரம் பிடித்திருப்பவன் விஷயம் வேறு. பாய்ட்டின் 47 நிமிஷம் 25 விநாடியைக் குறித்தவனுக்கு அதில் இஷ்டம், அனுதாபம் எதற்கும் இடமில்லை. பந்தயம் என்ற ஏற்பாட்டின் நியாயமே அவன் கையில்தான் இருக்கிறதென்று எனக்குப் படுகிறது.

ஒரு பொங்கலுக்கு எங்கள் ஊர் ஓட்டப்பந்தயத்தில் கயிறு பிடித்தவன் நான். பரிசு மூன்றுதானே என்று, மூன்று பேர் வந்ததும் சுருட்டிவிட்டேன். கோடும் கூட்டத்தின் காலில் அழிந்துபோயிற்று. கடைசிப் பையன் ஏரிக்கரை திரும்பி வந்து, “கோடு எங்கண்ணா?” என்றான். காலால் மண்ணில் கிழித்துக் காட்டினேன். தாண்டினான். சிரித்தார்கள்.

பழைய கோடு இன்னும் பத்தடி தள்ளி இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.