யாருடைய சம்மதம்?

ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிந்தால், அந்த நீர் 300 அடி ஆழத்திலே கிளியூர்ப் பள்ளத்தாக்கில் அருவியாக விழுகிறது. சுற்றிலும் காப்பித் தோட்டங்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820ஆம் ஆண்டளவில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் அது. மலையாளிப் பழங்குடியினரோ, தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தனர் என்கின்றனர். தோட்டத் தொழிலாளரிலே பலர் சமவெளியினின்று வந்தோர். வந்தவர்களால் வளர்ந்த மலை!

அந்த மலையிலே, பழங்குடியிற் பிறந்த பெண்ணொருத்தியும், தோட்டத் தொழிலாளியின் மகளொருத்தியும், இருவரும் வயது வந்தோர், காதல் கொண்டு ஒரே இல்லத்தில் வாழ விழைகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். குலம் வேறு என்று எழும் ஒரு குரல். இருவரும் பெண்கள் என்று எழும் மற்றொரு குரல். முதற்குரலுக்கு விடை கூற நம் தோழர்களுக்கு நொடிப்பொழுது போதும். இரண்டாவது குரலைக் கேட்டதும் அவர்களிலே சிலர் வாய்மூடி நிற்கின்றனரே, ஏன்?

இயற்கைக்கு மாறு என்பர். இந்தச் சொல் நமக்குப் புதிதா? நால்வருணம் இயற்கை என்றனர். பெண் அடுப்பங்கரையில் அடங்குவது இயற்கை என்றனர். பழக்கத்துக்கு இயற்கை என்று பெயர் சூட்டுவது வைதிகத்தின் பழைய தந்திரம். பகுத்தறிவாளர் கேட்க வேண்டியது ஒன்றே: இதனால் யாருக்குத் தீங்கு? இருவர் மனமொத்து வாழ்வதால் எவர் வீட்டுக் கூரையும் சரிவதில்லை. விரும்பாத ஆடவனுக்கு அவளைக் கட்டிவைத்தாலோ, அவள் வாழ்வும் கெடும். ஏதுமறியா அவன் வாழ்வும் கெடும்.

மேல்நாட்டுச் சரக்கு என்பர். மேல்நாட்டினின்று வந்தது காதலன்று. அதைக் குற்றமாக்கிய சட்டம்! 1860இல் வெள்ளையர் ஆட்சி இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அது. வயது வந்தோர் மனமொத்துக் கூடுவதை அந்தப் பிரிவு தண்டிக்கலாகாது என உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது.

பெற்றோர் கண்ணீர் என்பர். அந்தக் கண்ணீரை நாம் ஏளனம் செய்யவில்லை. ஆனால் துயரம் உரிமையாகிவிடாது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள், வயது 22, 20, பெற்றோர் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னையில் புகலடைந்தனர். மகளைக் காணவில்லை என்று காவல் நிலையத்திலே புகார்! வழக்கை விசாரித்த நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் அறிந்துகொள்ள உளவியல் வல்லுநரிடம் ஆலோசனை பெற்றார். பிறகே 2021 ஜூன் 7 அன்று, இத்தகையோரைக் காவலர் துன்புறுத்தலாகாது என ஆணையிட்டார். அறியாததை அறிய முற்பட்ட அந்தப் பண்புதான் பகுத்தறிவு. 2025 மே 22 அன்று அதே உயர்நீதிமன்றம், மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்றும் கூறிவிட்டது.

மணத்துக்கோ சட்டம் இன்னும் இடமளிக்கவில்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்சநீதிமன்றம் அப்பொறுப்பைச் சட்டமன்றங்களிடமே விட்டது. ஆயினும், 2022 ஆகஸ்டில் தமிழ்ப்பெண் ஒருவரும் வங்கதேசப் பெண் ஒருவரும் சென்னையிலே, பெற்றோர் வாழ்த்த, மணம் செய்துகொண்டனர். வைதிகச் சடங்கோடு நடந்தது அது. சடங்கு நமக்கு உடன்பாடன்று. மொழியும் நாடும் கடந்த அந்தச் சம்மதம் நமக்கு உடன்பாடே.

சுயமரியாதைத் திருமணத்தின் உயிர் எது? புரோகிதரில்லை, தீயில்லை, மந்திரமில்லை. இருவர் சொல்லும் சம்மதம் ஒன்றே. அதை அண்ணா அரசு 1967இல் சட்டமாக்கியது. ஆண், பெண் என்றே அச்சட்டமும் பேசுகிறது, உண்மை. ஆனால் அதைப் பெற்றெடுத்த கொள்கை, சம்மதம் எவருடையது என்று கேட்டதேயன்றி, எவர் அனுமதித்தார் என்று கேட்கவில்லை. அந்தக் கொள்கையைப் பாதிவழியில் நிறுத்த நமக்கு யார் உரிமை தந்தது?

வகுப்பறையிலே பாடம் சொல்லும் நாம் அறிவோம்: இளையோர் நம் மேடைப்பேச்சைவிட நம் வீட்டுக் கதவைத்தான் உற்று நோக்குகின்றனர். நாளை அத்தகைய இருவர் வந்து தட்டினால், தோழர்களே, குலம் கேளாதீர். அவர்களைத் தேடுவோருக்குச் சேதி சொல்லாதீர். வயது வந்தோரா, மனமொத்தோரா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால், கதவைத் திறந்து, உலையில் இன்னும் இரண்டு பிடி அரிசி போடுங்கள்.