கைக்கூலி வாங்கிய கை

பூந்தமல்லியில் நம் நிழல்தாங்கலில் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு உட்காரும்போது, தேர்தல் காலமென்றால் பேச்சு தானாகவே அரசியலுக்குப் போய்விடும். "எல்லாத் தலைவனும் ஒண்ணுதான் அண்ணே, நேர்மையானவன் எவன் இருக்கான்?" என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். அது சரிதானா என்று இன்று கொஞ்சம் யோசிப்போம்.

அய்யா வைகுண்டர் காலத்துத் திருவிதாங்கூர் ஆட்சியை நாம் அறிவோம். தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம். அந்த அநீதியை அய்யா அஞ்சாமல் எடுத்துச் சொன்னார். அதனால் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில் சிங்காரத்தோப்பில் சிறை வைக்கப்பட்டார். 1838-ல் விடுவிக்கும்போது, "உன் சாதியாரோடு மட்டும் இருந்துகொள்" என்று கட்டுப்பாடு போட்டார்கள். அய்யா அதற்கு இசையவில்லை என்பதைத் திருஏடு வாசிப்பில் கேட்டிருக்கிறோம். ஒப்புக்குத் தலையசைத்துவிட்டு வெளியே வந்து வேறுவிதமாக நடந்திருக்கலாம். அய்யா அப்படிச் செய்யவில்லை. தம்மை நம்பியிருக்கும் மக்களுக்காகப் பேசுகிறவர் வாயில் ஒரு பொய் கூட வரக் கூடாது என்று நமக்குக் காட்டினார். சாமிதோப்பு முத்திரிக் கிணறு எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறாக இருந்ததும் அந்த உண்மையினால்தான்.

அந்தக் கிணற்றை நினைக்கும்போது எனக்குக் காமராசர் நினைவு வரும். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். விருதுநகரில் அவருடைய தாயார் சிவகாமி அம்மையார் வீட்டுக்கு மட்டும் தனியாகத் தண்ணீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்களாம். தெருவில் எல்லாரும் பிடிக்கிற இடத்தில் அம்மாவும் பிடிக்கட்டும் என்று அதை எடுக்கச் சொன்னார் என்பது ஊரெல்லாம் சொல்லும் செய்தி. பசித்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு போட்ட அந்த மனிதர், தமக்கென்று ஒரு வீடு கட்டிக்கொள்ளவில்லை. சென்னை தியாகராய நகரில் திருமலைப் பிள்ளை சாலை வாடகை வீட்டில் இருந்து, 1975 அக்டோபர் 2-ல் அங்கேயே கண்ணை மூடினார். அவரோடு அமைச்சராக இருந்த கக்கன், பதவி போன பிறகு மதுரை அரசு மருத்துவமனையில் பொது வார்டில் கிடந்தார்.

ஆகவே நேர்மையான தலைவர் நம் மண்ணில் பிறக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் நேர்மை இருந்தால் வெற்றி உறுதி என்றும் சொல்ல முடியாது. 1967-ல் விருதுநகரில் காமராசர் 1,285 வாக்கில் தோற்றார். மேலூரில் கக்கனும் தோற்றார். காமராசர் மக்களைக் குறை சொல்லாமல் தோல்வியை ஏற்றுக்கொண்டார். 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நம் தென்குமரி மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

இனி என் கதையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

முன்னொரு தேர்தலில், வாக்களிப்புக்கு இரண்டு நாள் முன்பு, இரவில் எங்கள் தெருவில் கவர் கொடுத்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். உள்ளே இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். வாங்கிக்கொண்டேன். "பணம் அவன் கொடுத்தது, ஓட்டு நம் இஷ்டம். அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டால் புண்ணியம்தானே" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஞாயிறன்று அரிசிக்கென்று அதை நீட்டினேன். அடுப்படி பார்க்கும் வயதான அம்மா, நாகர்கோவில் பக்கத்துக்காரர், "ஏது மக்களே இது?" என்று கேட்டார். மறைக்க முடியவில்லை, சொன்னேன். "அய்யா காணிக்கையே வேண்டாம்னாரு. கைக்கூலியிலயா சோறு பொங்கி வெளம்பச் சொல்லுத?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

அந்தப் பணம் பிறகு வீட்டுச் செலவில் கரைந்தது. கொடுத்தவர்கள் ஆளே வென்றார். அந்த மழைக்காலத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், சாக்கடையும் கலந்து நின்றது. பத்துப் பேர் சேர்ந்து முறையிடப் போனோம். அங்கிருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே, "உங்க தெருவுக்கு அப்பவே செட்டில் பண்ணியாச்சே" என்றார். பத்துப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பதில் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. விற்ற பொருளுக்கு உரிமை கேட்க முடியுமா?

அன்பர்களே, ஓட்டுக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று சட்டமே சொல்கிறது. பணப் பட்டுவாடாவினால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று நம் மாநிலத்தில் தேர்தலையே நிறுத்த வேண்டி வந்தது. கொடுத்த கை மட்டும் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. வாங்கிய கையும் இருந்தது.

நம் பள்ளியறையில் சிலை கிடையாது, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி, நெற்றியில் நாமமிட்டு அதன் முன் நிற்கும்போது நம் முகம்தான் தெரிகிறது. அந்தக் கவரை வாங்கிய வாரம் என்னால் அந்தக் கண்ணாடியை நேராகப் பார்க்க முடியவில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் தலைவரும் ஒரு கண்ணாடியே. நம்மிடம் விலை இருந்தால், போட்ட முதலை எடுக்க வரும் வியாபாரிதான் கிடைப்பார். நம்மிடம் விலை இல்லையென்றால், நேர்மையானவர் துணிந்து நிற்க வழி பிறக்கும்.

இந்தத் தேர்தலில் கவர் வந்தால், "வேண்டாம் தம்பி" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்துவோம். வேட்பாளர் வந்தால், கணக்கு ஒழுங்காகக் காட்டுவாரா, தாழ்ந்து கிடக்கிறவர்களுக்கு என்ன செய்வார் என்று நேரில் கேட்போம். நம் பிள்ளைகள் பார்க்க இதைச் செய்வோம். கலியை அழிக்கும் வேலையில் நம் பங்கு நம் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது.

போன தேர்தலில் நான் கதவைச் சாத்தினேன். அடுத்த ஞாயிறு கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன்.

அய்யா துணை. அய்யா உண்டு!

இப்படிக்கு,
நிழல்தாங்கல் பணிவிடையாளன்,
பூந்தமல்லி.